செம்பனை லோரிகளின் காத்திருப்புக்கு யார் காசு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெஸ்தாரி ஜெயா வட்டாரச் சிறுதோட்டக்காரர்கள் நாங்கள் கூடினால் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை விலையைப் பற்றித்தான் பேச்சு. விலை நம் கையில் இல்லை. ஆலை வாசலில் லோரி நிற்கும் நேரத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணியாக (எழுத்தராக) இருந்தவன் நான். அன்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். இன்று நான்கு ஏக்கரை வைத்துக்கொண்டு அந்தச் சீட்டுக்காகக் காத்திருக்கிறேன்.

வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் அவித்துவிட வேண்டும் என்பது ஆலையில் எல்லாருக்கும் தெரியும். அடிபட்ட பழத்தில் எண்ணெய் சிதைந்து கொழுப்பு அமிலம் ஏறிக்கொண்டே போகும். ஆவியில் வெந்தால்தான் அடங்கும். கச்சா எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலை குறையும். எங்கள் பழம் படும் பாட்டைக் கேளுங்கள்: மரத்திலிருந்து விழுந்து, தள்ளுவண்டி ஏறி, சாலையோரம் கொட்டப்பட்டு, எங்களிடம் வாங்கி ஆலைக்கு விற்கும் முகவரின் ரேம்பில் (பழம் சேர்க்கும் மேடையில்) மறுபடி கொட்டப்பட்டு, இயந்திரக் கை அள்ளிப் பெரிய லோரியில் போடுகிறது. அதன் பிறகு ஆலை வாசலில் விடிய விடியக் காத்திருப்பு. செப்டம்பர், அக்டோபரில் போய்ப் பாருங்கள், லோரிப் பலகை இடுக்கில் கசிந்த எண்ணெய் தாரில் கோடு போட்டிருக்கும். புளித்த வாடை வேறு.

காலையில் தரம் பார்ப்பவர் 'பழசு' என்று காசில் கழிக்கிறார். பழசாக்கியது யார்? எடைச் சீட்டில் மொத்த எடை, வெற்று லோரி எடை, நிகர எடை, மேடை ஏறிய மணி எல்லாம் இருக்கும். வாசலுக்கு வந்த மணி இருக்காது. என் காலத்திலும் இல்லை. அதனால் அந்தக் கழிவு முதலில் முகவரின் தலையில், அங்கிருந்து என் தலையில். இரண்டு நடை அடிக்க வேண்டிய லோரி ஒரு நடையோடு நிற்கிறது. 2024 ஜூன் 10-இல் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்குத் தாவியது முதல் வாடகையும் சும்மா இருக்கவில்லை.

பாய்லர் சூடேறிய பின் பழம் இல்லாமல் ஆலை நின்றால் நட்டம்தான். வாசலில் நாலு லோரி நின்றால் மேனேஜருக்கு நிம்மதி. நாலு சரி, நாற்பது எதற்கு? நாளை எத்தனை டன் வரும் என்று முகவர்கள் முந்தின மாலையே வாட்ஸ்அப்பில் சொல்லட்டும். ஆலை ஆளுக்கொரு மணி ஒதுக்கட்டும். லோரி வந்த மணியைக் காவலர் சீட்டில் குறிக்கட்டும். காத்திருந்த நேரத்துக்கான கழிவை ஆலையே ஏற்கட்டும்.

முகவர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்று நான் சொல்லவரவில்லை. லோரி நிறையட்டும் என்று இரண்டு நாள் பழத்தை ரேம்பிலேயே போட்டுவைப்பவர்களும் உண்டு. வெட்டிய தேதியும் சீட்டில் ஏறினால் அவர்களும் மாட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எடைமேடைக் கிராணி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்