வாயால் சொன்ன உத்தரவு போதாது

ஆசிரியருக்கு,

மாகோவிலிருந்து காங்கேசன்துறை வரும் வடபாதை ஒற்றைத் தண்டவாளம். சமிக்ஞை பழுதானால் ரயிலை நகர்த்துவது நிலைய அதிபர் தரும் உத்தரவுதான்.

1874இல் இங்கிலாந்தின் தோர்ப்பில், எதிரே வரும் ரயிலை விடச் சொல்லும் கையொப்பமிடாத தந்தியொன்று அவசரத்தில் அனுப்பப்பட்டது. ஒற்றைப் பாதையில் இரு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. அதன் பிறகே எட்வர்ட் டையர் டேப்லட் (வில்லை) கருவியை உருவாக்கினார்: ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரே வில்லை, அது கையில் வராமல் சாரதி நகரக்கூடாது.

தொலைபேசியில் உத்தரவு எடுப்பவர் "ஓம், விளங்கீட்டுது" என்று வைத்துவிடக்கூடாது. கேட்கக் கேட்க எழுதி, எழுதிய தாளைப் பார்த்தே திருப்பி வாசிக்க வேண்டும். நினைவிலிருந்து சொன்னால், தாளில் விழுந்த பிழை அப்படியே சாரதியிடம் போய்விடும். கொடுத்தவர் தன் பிரதியோடு ஒப்பிட்டுச் சரி சொன்னபின், நேரமும் இருவர் பெயரும் பதிந்தால்தான் அது உத்தரவு.

எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்லவேண்டும். இரைச்சலில் அறுபதும் எழுபதும் ஒன்றுபோலக் கேட்கும். சிங்களத்தில் ஏழு 'ஹத', எட்டு 'அட'. அது இன்னும் மோசம். இரு மொழியும் புழங்கும் எங்கள் பாதையில் இதை அற்ப விடயமாக எடுக்கவே கூடாது.

சாரதிக்கும் கார்ட்டுக்கும் தனித்தனிப் பிரதி, வண்டி நின்றபின் கொடுக்கப்பட வேண்டும். இரத்தான தாளைக் குறுக்கே கோடிட்டு உடனே திரும்ப வாங்கவேண்டும். எஞ்சினில் பழைய தாள் கிடந்தால், அடுத்து ஏறும் சாரதி அதையே நம்பிவிடுவார்.

உத்தரவுப் படிவம் மும்மொழியிலும் அச்சிடப்பட வேண்டும். உத்தரவு அழைப்புகள் அனைத்தும் ஒலிப்பதிவாக வேண்டும்.

வாசகர்,
கொக்குவில்