பிஸ்டனில் கழன்ற பின்னுக்கு மெக்கானிக் பொறுப்பல்ல

அனுப்புநர்:
உங்களிடம் பிஸ்டன் கிட் வாங்கிய வாடிக்கையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
பழைய இருசக்கர வாகன உதிரிபாக விற்பனை நிறுவனம்,
(பில்லில் உள்ள முகவரி).

பொருள்: ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175 வண்டிக்கு வாங்கிய 0.75 ஓவர்சைஸ் பிஸ்டன் கிட்டில் ரிங் பின் கழன்று பிளாக் (சிலிண்டர்) சேதமடைந்தது – கிட்டின் விலையும் சேதத்துக்கு ஈடும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் மின்னஞ்சல்கள்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். "எஞ்சின் சீஸ் ஆனதற்கு நிறுவனம் பொறுப்பேற்காது, புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று உங்கள் கடைசி மின்னஞ்சல் சொல்கிறது. கூடவே அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி கூப்பனும் வந்திருக்கிறது. என் எஞ்சின் சீஸ் ஆகவில்லை, அதாவது பிஸ்டன் சூட்டில் சிலிண்டருக்குள் பிடித்துக்கொள்ளவில்லை. ஆனதாக நான் எங்கும் எழுதவும் இல்லை. நான் அனுப்பிய படங்களையும் வீடியோவையும் உங்கள் பக்கம் ஒருவராவது திறந்து பார்த்திருந்தால் அந்த வார்த்தையே வந்திருக்காது. எஞ்சின் கழற்றிப் பழகிய யாராவது உங்கள் அலுவலகத்தில் இருந்தால் இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து அவர் மேசைக்கு அனுப்புங்கள்.

போனில் பேசிய உங்கள் ஊழியர், "ஸ்கூட்டியா சார்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் பிறப்பதற்கு முன்பே உற்பத்தி நின்றுபோன வண்டி இது. எஸ்கார்ட்ஸ் கம்பெனி தயாரித்த ராஜ்தூத் ஜி.டி.எஸ்., ஊரில் எல்லாரும் 'பாபி' என்று சொல்வது. 173 சிசி, டூ ஸ்ட்ரோக், குட்டையான உடம்பு, சின்னச் சக்கரம். எங்கள் சித்தப்பா இதைத் தார் ரோட்டில் ஓட்டியதைவிடத் தேயிலைத் தோட்டத்து மண் பாதையில் ஓட்டியதுதான் அதிகம். இலை மூட்டை போகிற வழியில் எல்லாம் போகும். சீட் தாழ்வு என்பதால், சறுக்கினால் இரண்டு காலையும் ஊன்றி நின்றுவிடலாம். அவருக்குப் பிறகு வண்டி உரக் கொட்டகையில் காலிச் சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. கோத்தகிரி மூடுபனியில் இரும்பை அப்படிப் போட்டுவைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்த வண்டியில் எவ்வளவு கவனமாக வேலை நடந்தது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் முதல் பதில் "தவறான பொருத்துதல்" என்றது. முதலில் கிக்கர் அசையவே இல்லை. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவைத்துத்தான் பிஸ்டன் இளகியது. கிராங்க் ஷாஃப்டை முழுதாக வெளியே எடுத்தோம். கனெக்டிங் ராடு கிட், மெயின் பேரிங், இரண்டு பக்க ஆயில் சீல் எல்லாம் புதிது. சில சாமான்கள் கோவை உக்கடத்தில் கிடைத்தன, சில சென்னை புதுப்பேட்டையிலிருந்து வந்தன. பாயிண்ட்டும் கன்டென்சரும் மாற்றி, பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டரில் வைத்தோம்.

டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் சீல் வழியாகக் காற்று இழுத்தால் பெட்ரோல் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதைக் குழந்தை மெக்கானிக்குக்கும் தெரியும். அதனால் எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒரு சோதனை வைத்தார். சைலன்சர் வாயையும் கார்ப்பரேட்டர் வாயையும் டியூப் ரப்பர் வைத்து இறுக்கி அடைத்தார். பிளக் ஓட்டையில் பழைய பி.பி. பார்க்கும் கருவியின் குழாயை மாட்டி, பந்தை அமுக்கிக் காற்று ஏற்றினார். முள் 300-ஐத் தொட்டது. டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அங்கேயே நின்றது, அதாவது எங்கும் கசிவு இல்லை. இந்தச் சோதனையைச் செய்கிற பட்டறைகள் இந்த மாவட்டத்தில் எத்தனை இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

உங்கள் கிட் வந்தது அதற்குப் பிறகு. பிளாக் ஏற்கெனவே 0.50 மில்லிமீட்டர் வரை போர் ஆகி, அதாவது உள்துளை கடைந்து பெரிதாக்கப்பட்டு இருந்ததால் 0.75 வாங்கினேன். "ஒரிஜினலுக்கு நிகரான தரம், ஒவ்வொரு பிஸ்டனும் பரிசோதிக்கப்பட்டது" என்று உங்கள் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. பிஸ்டனைக் கையில் கொடுத்துத்தான் கோயம்புத்தூரில் போர் போட்டோம். பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, 0.06 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஹோனிங்கும் (உள்சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் விழத் தேய்ப்பது) செய்து கொடுத்தார்கள். மாட்டும் முன் ரிங்கைப் போருக்குள் தனியாக வைத்து இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்தோம். பிஸ்டனில் அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்கிறதா என்பதையும் பார்த்தோம். பழகும் வரை லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் என்று கலந்தோம். சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, அதற்குப் பிறகுதான் வண்டி வாசலைத் தாண்டியது.

வண்டி நின்றது எங்கள் தோட்டத்து ஏற்றத்தில், இரண்டாவது கியரில். எஞ்சினுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம், உடனே சலசலவென்று உலோகம் உரசும் ஒலி, இழுவை பாதியாகக் குறைந்தது. பின்சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை. எஞ்சின் அணையக்கூட இல்லை, நான்தான் அணைத்தேன். மறுபடி கிக்கரை மிதித்தால் கால் பஞ்சில் இறங்குவதுபோல் இறங்கியது, கம்ப்ரஷன் துளியும் இல்லை.

பிளாக்கைத் தூக்கியதும் காரணம் தெரிந்துவிட்டது. டூ ஸ்ட்ரோக் பிஸ்டனின் ரிங் பள்ளத்தில், ரிங்கின் இரண்டு முனைகளும் சந்திக்கும் இடத்தில், குண்டூசித் தலையளவு ஒரு ஸ்டீல் பின் அடித்திருப்பார்கள். ரிங் தன் இடத்தைவிட்டுச் சுற்றாமல் பிடித்துவைப்பது அது. சுற்றினால் ரிங்கின் முனை, புகை வெளியேறும் சைலன்சர் போர்ட்டின் திறப்புக்குள் விரிந்து, விளிம்பில் மாட்டி ஒடியும். என் பிஸ்டனில் மேல் ரிங்கைப் பிடிக்கும் ஸ்டீல் பின் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது. ரிங் ஏறக்குறைய கால் சுற்று நகர்ந்து, போர்ட்டில் சிக்கி ஒடிந்திருந்தது. ஒடிந்த துண்டில் ஒன்று சைலன்சரைத் தலைகீழாகத் தட்டியபோது விழுந்தது. காணாமல்போன அந்த ஸ்டீல் பின், வெளியேறும் முன் பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் கொத்திக் கொத்திச் சின்னச் சின்னப் பள்ளங்களை விட்டுப்போயிருக்கிறது. போர்ட்டின் கீழ் விளிம்பில் நகம் மாட்டுகிற அளவுக்கு ஆழமான கீறல்.

கீழ் ரிங்கின் ஸ்டீல் பின் இன்னும் இருக்கிறது. அதைத் தையல் ஊசியின் முனையால் தொட்டால் ஆடுகிறது. உங்களுக்கு அனுப்பிய வீடியோவில் இருப்பது அதுதான், வேறொன்றும் இல்லை. அலுமினியம் சூட்டில் ஸ்டீலைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அதனால் பின்னை இறுக்கமான ஓட்டையில் அழுத்தி அடித்திருக்க வேண்டும். ஓட்டை ஒரு மயிரிழை பெரிதாகப் போனாலும், குளிர்ந்திருக்கும்போது உறுதியாகத் தெரிகிற பின், எஞ்சின் சூடானதும் இளகிவிடும். அந்த ஓட்டையைத் துளைத்தது பிஸ்டன் செய்த இடத்தில். எங்கள் அண்ணன் ஸ்பேனர் அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை.

சீஸ் என்கிறீர்களே, சீஸ் ஆன பிஸ்டனை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத் தேய்ந்து, அலுமினியம் உருகிப் போர் சுவரில் அப்பியிருக்கும். இந்தப் பிஸ்டனின் பக்கங்களில் போட்ட அன்று இருந்த மெஷின் கோடுகள் அப்படியே இருக்கின்றன. போர் சுவரில் ஹோனிங் குறுக்குக் கோடுகளும் அழியவில்லை. நெருங்கி எடுத்த படங்கள் மீண்டும் இணைப்பில் உள்ளன.

இரண்டாவது பதிலில் ஒரு புது விஞ்ஞானம் வந்தது. "மலைப்பகுதியில் காற்று குறைவாக இருப்பதால் எஞ்சின் அதிகம் சூடாகிச் சீஸ் ஆகும்" என்று எழுதியிருந்தீர்கள். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர். இங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்து, கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் அதே ஜெட்டாக இருந்தால் பெட்ரோல்தான் மிஞ்சும். கலவை கெட்டியாகும், மெலியாது. கெட்டிக் கலவையில் வண்டி புகை விடும், பிளக் கரியடைக்கும், இழுவை மந்தமாகும். சீஸ் ஆவது மெலிந்த கலவையில். ஊட்டி, குன்னூர்ப் பக்கம் டூ ஸ்ட்ரோக் ஓட்டிய எந்தப் பெரியவரைக் கேட்டாலும், பிளக்கைக் கழற்றிப் பிரஷ் போட்டுத் தேய்த்த கதையைத்தான் சொல்வார். பழக்கும் காலத்துக்கு அதுவே பாதுகாப்பு என்று நாங்களும் ஜெட்டை மாற்றாமல் விட்டோம். வண்டி மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கவும் இல்லை. என் பிளக்கின் முனை அடர் பழுப்பு, ஓரத்தில் கரி. மெலிந்த கலவையாக இருந்தால் வெளுத்திருக்கும். அந்தப் படமும் இருக்கிறது.

"அங்கீகரிக்கப்படாத மெக்கானிக் பொருத்தியதால் உத்தரவாதம் இல்லை" என்பது உங்களுடைய இன்னொரு வாதம். தயாரிப்பே நின்றுபோன வண்டிக்கு அங்கீகரிக்கப்பட்ட மெக்கானிக் எங்கே இருக்கிறார்? இருந்தால் முகவரி கொடுங்கள், வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புகிறேன். பழைய வண்டிச் சாமான் விற்பதையே தொழிலாக வைத்துக்கொண்டு, பழைய வண்டி மெக்கானிக்கை நம்ப முடியாது என்று சொல்வது எனக்கு விளங்கவில்லை.

"பொருத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது" என்ற விதியும் அப்படித்தான். சூடானால் மட்டும் வெளிப்படுகிற குறையைப் பொருத்தாமல் யார் கண்டுபிடிப்பது? பில் போட்ட முப்பது நாளுக்குள் முதல் புகாரை அனுப்பிவிட்டேன். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் திருப்பித் தரவும் மறுப்பதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது. இணையத்தில் விற்பவர்களுக்கான 2020 விதிகளின்படி, குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனக்கு இதுவரை வந்ததெல்லாம் பெயரில்லாத தானியங்கிப் பதில்களும் ஒரு கூப்பனும்தான். எந்தப் பதிலிலும் குறைதீர் அலுவலரின் பெயர் இல்லை.

பணத்தைவிட எனக்கு வலிப்பது பிளாக். 0.75-ல் இன்னும் பல வருடம் ஓடியிருக்க வேண்டியது. இப்போது அந்தக் கீறலை எடுக்க 1.00 போட்டே ஆக வேண்டும், அதுதான் கடைசி சைஸ். அதற்கு மேல், பிளாக்குக்குள் புதுக் குழாய் இறக்கும் ஸ்லீவ்தான். ஸ்லீவ் இறக்கி, அதில் போர்ட்டுகளைப் பழைய அளவுக்கே சரியாக வெட்டித் தருகிற கை எல்லா லேத்திலும் இருக்காது. நல்ல நிலையில் இன்னொரு பிளாக் கிடைக்குமா என்று உக்கடத்தில் விசாரித்துவிட்டேன். காட்டியவை எல்லாம் இதைவிட மோசம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். கிட்டின் விலை கூரியர் உட்பட ரூ.2,150, கெட்டுப்போன போரிங், ஹோனிங் கூலி ரூ.900, கேஸ்கட் செட் ரூ.450, ஆக ரூ.3,500-ஐ நான் பணம் செலுத்திய வங்கிக் கணக்குக்கே திருப்பித் தர வேண்டும். 1.00 சைஸுக்கு மறுபடி போர் போடும் கூலியையும், ஹெட்டைச் சமன் செய்யும் கூலியையும் பில் காட்டிய பிறகு தர வேண்டும். பதிலுக்கு அதே கிட்டில் இன்னொன்று அனுப்பிவிடாதீர்கள், வேண்டாம். கூப்பனும் வேண்டாம். என் பில்லில் உள்ள பேட்ச் எண்ணில் மீதி இருக்கும் பிஸ்டன்களை விற்பதை நிறுத்தி, பின்களைச் சோதித்துப் பாருங்கள். இதே பேட்ச் வேறு யார் வண்டியிலாவது இறக்கத்தில் ஒடிந்தால் என்ன ஆகும் என்பதைக் கொண்டை ஊசி வளைவில் ஒருமுறை வண்டி ஓட்டியவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

பிஸ்டன், ஒடிந்த ரிங் துண்டுகள், பிளக், ஹெட் எல்லாம் கழற்றிய நிலையில் துடைக்காமல் என்னிடம் இருக்கின்றன. உங்கள் ஆள் யாராவது நேரில் வந்து பார்க்கட்டும், எங்கள் அண்ணன் பட்டறையிலேயே காட்டுகிறோம். கூரியரில் அனுப்பச் சொன்னால் அனுப்ப மாட்டேன். என்னிடம் உள்ள ஒரே ஆதாரம் அது.

இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் வரையான பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது. உங்கள் தரப்பில்தான் யாராவது மலையேறி வர வேண்டியிருக்கும்.

பில் நகல், படங்கள், வீடியோ, போரிங் பட்டறை ரசீது ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி.