பெயரை மாற்றியது நாங்கள் அல்ல

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் நம் சிட்னி கடையில் டிஜெரிடூ எனப்படும், ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரின் நீண்ட மரக் குழலை வாங்கிய ஒருவர், "டிஜெரிடூ கேட்டேன், வேறு பெயர் ஒட்டி இருமடங்கு விலைக்கு விற்றுவிட்டார்கள்" என்று வாட்ஸாப் குழுக்களில் எழுதிவருகிறார். விலை ஏறியது உண்மை. பெயரில் ஏமாற்றினோம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

'டிஜெரிடூ' என்பது அந்த ஒலி வெள்ளையர் காதில் விழுந்த விதம் என்பதே பரவலான கருத்து. அதைச் செய்து ஊதுகிற மக்கள் வைத்த பெயர் அல்ல. ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள ஆர்ன்ஹெம் லேண்டின் வடகிழக்கில் வாழும் யொல்ங்கு பூர்வகுடி மக்களிடம் அது யிடாக்கி. மேற்கே மாகோ. இரண்டும் ஒன்றல்ல: மாகோ பெரும்பாலும் குட்டை, யிடாக்கியில் இடையிடையே கொம்பு ஊதியதுபோல் எழும் ஒலி மாகோ வாசிப்பில் வழக்கமில்லை. நாகஸ்வரத்தில் குட்டைத் திமிரியும் நெடிய பாரியும் அறிந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, ஆனாலும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

'மண்டப்புல்' என்றும் குழலின் பெயர்ச் சீட்டில் இருக்கிறதே என்பது அவருடைய அடுத்த குற்றச்சாட்டு. 2011இல் யிடாக்கி என்பதுபோல ஒலிக்கும் பெயருடைய யொல்ங்கு மனிதர் ஒருவர் மறைந்தார். இறந்தவர் பெயரைச் சொல்லாதிருப்பது அங்கே மரியாதை. அதனால் யொல்ங்கு மக்களில் சிலர் கருவியையே மண்டப்புல் என அழைக்கத் தொடங்கினார்கள். தாத்தாவின் பெயரைக் கடைசிவரை உச்சரிக்காத பாட்டிகளிடம் வளர்ந்த நமக்கா இது புரியாது? மணிகாய் என்னும் குலப் பாடல்களுக்குப் பில்மா தாளக் கட்டைகளோடு ஒலிக்கிற குழல் அது. வரவேற்பறையில் சாத்தி வைப்பதற்கென்று பிறந்ததல்ல.

கறையான் உள்ளே அரித்த யூகலிப்டஸ் மரத்தைத் தட்டிப் பார்த்துத் தேடி, வெட்டி, பட்டை உரித்துச் செய்கிறார்கள். வாய்ப்புறத்துக்குத் தேன்மெழுகு. செய்தவருக்கு உரிய விலை கொடுத்தே வாங்குகிறோம். சரக்குக் கூலியும் கூடிவிட்டது. இந்தோனேசியாவில் செய்தவற்றைப் பூர்வகுடியினரின் கைவினை என விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது நினைவிருக்கும். நாங்கள் முன்பு விற்ற வண்ண மூங்கில் குழல்கள் ஆர்ன்ஹெம் லேண்டிலிருந்து வந்தவை அல்ல. அவற்றைத் திரும்பப் பெற இயலாது.

முதல் மிருதங்கம் வாங்கிய நாளிலிருந்து, இன்று பிள்ளைகளின் அரங்கேற்றம்வரை எங்களைத் தேடி வருகிறீர்கள். அந்த வாட்ஸாப் செய்தியைப் படித்ததும் தொலைபேசியில் அழைத்து "நாங்கள் நம்பவில்லை" என்று சொன்னவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இனி ஒவ்வொரு குழலின் சீட்டிலும் அதைச் செய்தவர் சொல்லும் பெயர் முதலில் இருக்கும். டிஜெரிடூ என்று கேட்டாலும் எடுத்துத் தருவோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்