ஒவ்வாமைச் சோதனை ராமநாதபுரத்திலேயே வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மண்டபம், பாம்பன் பக்கம் நண்டு கம்பெனிகளிலும் இறால் உரிக்கும் கொட்டகைகளிலும் வேலை பார்க்கும் பெண்கள் சிலருக்கு விரல் இடுக்கெல்லாம் அரிப்பு, தடிப்பு. நண்டு அவிக்கும் ஆவி பட்டாலே இளைப்பு வருகிறவர்களும் உண்டு. இவர்கள் ரத்தம் கொடுத்தால், பெரும்பாலும் ஈசினோபில் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கையை மட்டும்தான் பார்க்கிறார்கள். அது கூடியிருந்தால் போச்சு, "ரத்தத்தில் அலர்ஜி இருக்கு, மீன், கருவாடு எதையும் தொடாதே" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

வயிற்றில் கொக்கிப்புழு இருந்தாலும் ஈசினோபில் கூடும். எந்தப் பொருள் ஆகவில்லை என்று அந்த எண் சொல்லாது. அதற்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும், இறாலுக்கென்று தனியாக ஐஜிஇ (அலர்ஜியைக் கிளப்பும் எதிர்ப்பொருள்) பார்க்கும் ரத்தச் சோதனையும் இருக்கின்றன. அவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இறாலில் உள்ள ட்ரோபோமயோசின் புரதத்தைப் போன்ற ஒன்று வீட்டுத் தூசி உண்ணியிலும் கரப்பானிலும் இருக்கிறது. அதனால், தூசி ஆகாத ஒருவர் வாராவாரம் இறால் சாப்பிட்டு நன்றாக இருந்தாலும், அவருக்கு 'பாசிட்டிவ்' வரலாம். என்ன சாப்பிட்டார், எவ்வளவு நேரத்தில் தடித்தது என்று உட்காரவைத்துக் கேட்காமல் தாளைப் பார்த்தே தடை போடுவது அநியாயம். ஐஸ் போடாமல் கிடந்த சூரையிலும் கானாங்கெளுத்தியிலும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும். அதைத் தின்றாலும் முகம் சிவந்து தடிக்கும். அது அலர்ஜியே அல்ல, கெட்டுப்போன மீனின் வேலை.

அப்புறமும் சந்தேகம் தீராவிட்டால் பேசோஃபில் சோதனை இருக்கிறது. பேசோஃபில் என்பது அலர்ஜியில் பங்குள்ள ஒரு வெள்ளையணு. மொத்த வெள்ளையணுக்களில் அது நூற்றுக்கு ஒன்றுகூட இருக்காது. ரத்தத்தில் இறால் சாற்றைக் கலந்து, அந்த அணு கிளர்ந்து மேற்பரப்பில் சிடி63 என்ற அடையாளம் காட்டுகிறதா என்று ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற அணு எண்ணும் கருவியில் எண்ணுவார்கள். நடப்பதெல்லாம் குழாய்க்குள்தான், நோயாளிக்கு ஆபத்தில்லை. சிலருடைய அணுக்கள் எதற்கும் அசையாது, அவர்களுக்கு இதில் முடிவு சொல்ல முடியாது. அணுக்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதால் ரத்தம் எடுத்த ஒரு நாளுக்குள், முடிந்தால் சில மணி நேரத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

இதற்கிடையே, ஒரே ரத்தத்தில் நூறு உணவுக்குச் சோதனை என்று ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளைப் பார்த்துப் பணம் வாங்குகிறார்கள். ஐஜிஜி இருந்தால், அந்த உணவை உடம்பு பார்த்திருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். அமெரிக்க, ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கின்றன. என் தங்கை மகனுக்கு இப்படி ஒரு தாளை வைத்து மீன், முட்டை, பால், கோதுமை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். வளர்கிற பிள்ளை, பாதியாக இளைத்துப்போனான்.

2022 ஜனவரியில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தோல் சோதனையும் தனி ஐஜிஇ சோதனையும் அங்கே இலவசமாகக் கிடைக்க வேண்டும். பேசோஃபில் சோதனையை மதுரையில் செய்தால்கூடப் போதும். ராமேஸ்வரத்தில் காலையில் எடுக்கும் ரத்தம் மதியத்துக்குள் அங்கே போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் கம்பெனிகளிலும் வேலை குறைவு. முதல் முகாமை அப்போது மண்டபத்தில் போட்டால், இந்தப் பெண்கள் கூலியை இழக்காமல் வந்து பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம்.