டர்போ எஞ்சின் மாற்றிய வால்வோ 240: நான்கு முறை கொண்டுவந்தும் தீராத பழுதுகள் குறித்த புகார்

கிள்ளான்
5 ஆகஸ்ட் 2024

பெறுநர்: பட்டறை நிர்வாகி அவர்கள்

ஐயா,

வணக்கம். கடந்த நவம்பரில் என் அப்பாவின் 1983ஆம் ஆண்டு வால்வோ 240 காரை உங்கள் பட்டறையில் விட்டேன். பழைய பி21ஏ கார்புரேட்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஜப்பானிலிருந்து ஹாஃப்கட்டாக (எஞ்சினோடு வெட்டி எடுத்த முன்பாதியாக) வந்த வால்வோ 940 காரின் பி230எஃப்டி டர்போ எஞ்சினைப் பொருத்துவதாகப் பேச்சு. எஞ்சின், ஒயரிங், எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், கூலி, காகித வேலை எல்லாம் சேர்த்து 13,800 ரிங்கிட். முழுத்தொகையும் கட்டிவிட்டேன். ஆறு வாரம் என்றீர்கள், ஐந்து மாதம் ஆனது. அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய காரில் கை வைத்தால் நாள் இழுக்கும் என்று எனக்கும் தெரியும்.

கார் கைக்கு வந்த பிறகு நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

மே மாதம் பெந்தோங்கில் ஒரு கல்யாணம். பின் சீட்டில் அம்மா, பக்கத்தில் என் மனைவி. கோம்பாக் டோல் தாண்டி காராக் நெடுஞ்சாலையில் ஏறும்போது டேங்கில் கால்வாசி பெட்ரோல் இருந்தது. கெந்திங் செம்பா ஏற்றத்தில் ஒரு லோரியை முந்துவதற்காக மிதித்தேன். டர்போ காற்றை அழுத்தித் தள்ளும் பூஸ்ட் வந்த மறுநொடி, தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போல எஞ்சினில் சத்தம். கார் அப்படியே தளர்ந்துவிட்டது. பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தபடி ஒதுங்கிப் போனது. ஓரமாக நிறுத்தி போனட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. எஞ்சினையும் காரின் உள்பகுதியையும் பிரிக்கும் ஃபயர்வால் பக்கம் வரும் ரப்பர் ஹோஸில், கிளிப் கடிக்கிற இடத்தில், பெட்ரோல் முத்து முத்தாகத் துளிர்த்து நின்றது. விரலால் தொட்டுப் பார்த்தேன். ஹோஸ் உப்பிப்போய், ஊறிய அப்பளம் மாதிரி மெத்தென்று இருந்தது. அந்தச் சூட்டில், அந்த இடத்தில். அம்மாவை உடனே இறங்கித் தள்ளிப் போய் நிற்கச் சொன்னேன்.

மறுநாள் உங்களிடம் கொண்டுவந்தேன். கிளிப்பை இறுக்கிவிட்டு, "டர்போன்னா அப்படித்தான் சார், பழகிடும்" என்று உங்கள் ஃபோர்மன் சொன்னார். அதன் பிறகு மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் ஏறக்குறைய அதே பதில்தான்.

ஜூலையில் ஈப்போவில் வால்வோ வேலை மட்டுமே பல வருடமாகச் செய்துவரும் ஒரு பழைய மெக்கானிக்கிடம் காரைக் காட்டினேன். அவர் பெட்ரோல் லைனில் ஒரு பிரஷர் மீட்டரை இணைத்து, நீளமான குழாய் போட்டு, மீட்டரை முன் கண்ணாடிக்கு வெளியே டேப் அடித்து ஒட்டி, என்னையே ஓட்டச் சொன்னார். சாவியைத் திருப்பிப் பம்ப் ஓடும்போது 3 பார். சரிதான். இந்த எஞ்சினில் பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் பிரஷரும் 3 பாருக்கு மேல் ஏற வேண்டும். ஏற்றத்தில் மிதித்தபோது முள் 2.2க்கு இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். காற்று கூடுகிறது, பெட்ரோல் குறைகிறது, கலவை நேரம் தப்பி வெடிக்கிறது. அந்தக் கூழாங்கல் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இதே நிலையில் இன்னும் பத்து ஏற்றம் ஏறியிருந்தால் பிஸ்டன் உடைந்திருக்கும் என்றார் அவர்.

காரணத்தையும் அவர் கையோடு காட்டினார். கார்புரேட்டர் 240இல் பெட்ரோலை இழுப்பது எஞ்சினில் இருக்கும் மெக்கானிக்கல் பம்ப். இன்ஜெக்‌ஷன் 240இல் அப்படி இல்லை, பெட்ரோலைப் பிரஷரோடு எஞ்சினுக்குள் பீய்ச்ச வேண்டும். டேங்குக்குள் ஒரு சின்ன பம்ப், காருக்கு அடியில் ஒரு பெரிய பம்ப். சின்னது ஊட்டிவிட, பெரியது பிரஷர் ஏற்றி எஞ்சினுக்குத் தள்ளும். நீங்கள் பெரிய பம்பை மட்டும் மாட்டிவிட்டு, டேங்கைத் தொடவே இல்லை. அந்த பம்புக்குத் தள்ளத் தெரியும், இழுக்கத் தெரியாது. டேங்க் நிறைய இருக்கும்வரை சமாளிக்கிறது. கால்வாசிக்கு வந்து, ஏற்றத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் காற்றைக் குடிக்கிறது. அதோடு, கார்புரேட்டருக்குப் போட வேண்டிய சாதா ஹோஸையே 3 பார் பிரஷருக்கும் போட்டிருக்கிறீர்கள். கிளிப்பை எத்தனை தடவை இறுக்கினாலும் அந்த ஹோஸ் தாங்காது. முதல் நாளே டேங்கைத் திறந்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

அடுத்தது புகை. கார் வந்த இரண்டாவது வாரத்திலிருந்து சிக்னலில் நின்றால் பின்னால் நீலப் புகை. நீங்கள் டர்போ போய்விட்டது என்று சொல்லி வேறொன்று மாற்ற 2,600 ரிங்கிட் கேட்டீர்கள். நான் கொஞ்சம் அவகாசம் கேட்டேன், நல்லவேளை. டர்போவுக்குள் போகும் ஆயில் பிரஷரில் போகிறது, ஆனால் திரும்பி வரும்போது தானாக வழிந்து இறங்க வேண்டும். அதற்குப் பெருவிரல் தடிமனில், நேராகக் கீழே இறங்கும் இரும்புக் குழாய் எஞ்சினோடு வருவது. அதை எங்கேயோ தொலைத்துவிட்டு, சுண்டுவிரல் தடிமனில் ஒரு ரப்பர் ஹோஸைப் போட்டு, அதையும் நடுவில் தொய்யவிட்டிருக்கிறீர்கள். ஆயில் இறங்க வழியில்லாமல் டர்போவின் ஆயில் தடுப்பு சீலைத் தாண்டி எக்ஸாஸ்டுக்குள் போகிறது. ஈப்போ மெக்கானிக் பழைய வால்வோ ஒன்றிலிருந்து சரியான குழாயைக் கழற்றி, புது ஓ-ரிங் போட்டு மாட்டினார். செலவு 140 ரிங்கிட். மிச்சமிருந்த ஆயில் எரிந்து தீர மூன்று நாள் ஆனது. அதன் பிறகு ஒரு துளிப் புகை இல்லை. டர்போவில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறே இல்லாத பொருளுக்கு 2,600 ரிங்கிட் கேட்டது எனக்கு ஆறவே இல்லை, ஐயா.

எஞ்சினில் அப்படி நேரம் தப்பி வெடிப்பதை உணரும் நாக் சென்சாரின் ஒயரை முறுக்கி கறுப்பு டேப் சுற்றியிருந்தீர்கள். சூட்டில் டேப் இளகி, ஒயர் விட்டுப்போய் இருந்தது. அந்த சிக்னல் வராவிட்டால் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக தீப்பொறி டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளிவிடும். காரில் இழுவை இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தது இதனால்தான். ரேடியேட்டர் ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய கூடு திரும்ப மாட்டப்படவில்லை. முன்னால் இன்டர்கூலர் வேறு நிற்பதால் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஏசி போட்டால் சூட்டு முள் ஏறுகிறது. இந்த இரண்டும் சின்ன வேலைகள். பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காகித வேலைக்கென்று பில்லில் தனியாக 600 ரிங்கிட் எழுதியிருக்கிறீர்கள். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும், வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமின் பரிசோதனையும் முடிந்து, காரின் பதிவுச் சான்றிதழான கெரானில் புது எஞ்சின் நம்பர் ஏறியிருக்க வேண்டும். போன வாரம் பார்த்தேன், இன்னும் பழைய நம்பர்தான். பழைய எஞ்சின் 2127 சிசி, இது 2316 சிசி. சாலை வரி 507 ரிங்கிட்டிலிருந்து 696 ஆகும். அந்த வித்தியாசத்தைக் கட்ட நான் எப்போதும் தயார். கெரானில் ஒரு எஞ்சின், போனட்டுக்குள் வேறொன்று என்று ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் காப்புறுதி நிறுவனத்திடம் நான் என்ன பதில் சொல்வேன்? இந்த ஒரு காரணத்துக்காகவே காரை இப்போது வீட்டில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். டேங்குக்குள் சின்ன பம்பைப் பொருத்தி, பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் இன்ஜெக்‌ஷன் பிரஷருக்கு உரியதாக மாற்றித் தர வேண்டும். முடிந்ததும் டேங்கில் கால்வாசி பெட்ரோலோடு, மீட்டரைக் கண்ணாடியில் ஒட்டி, கெந்திங் செம்பா ஏற்றத்தில் உங்கள் ஆளும் நானும் சேர்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பூஸ்டில் மிதிக்கும்போது முள் 3 பாருக்குக் கீழே இறங்கக் கூடாது. நாக் சென்சார் ஒயரும் ஃபேன் கூடும் சரியாக வேண்டும். கெரானில் எஞ்சின் நம்பர் மாற வேண்டும், இல்லையென்றால் 600 ரிங்கிட் திரும்ப வேண்டும். ஈப்போவில் நான் கொடுத்த 140 ரிங்கிட்டும், பிரஷர் சோதனைக் கூலி 180 ரிங்கிட்டும் தர வேண்டும். ரசீதுகளின் நகலை இணைத்திருக்கிறேன். முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கவில்லை. எஞ்சின் நல்ல எஞ்சின், அதை ஈப்போ மெக்கானிக்கும் சொன்னார்.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை தருகிறவர் அதை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்தாக வேண்டும். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள், வழக்கறிஞரும் தேவையில்லை. அங்கே போவதைவிட உங்கள் பட்டறையிலேயே இதைப் பேசித் தீர்ப்பதைத்தான் நான் விரும்புகிறேன்.

அப்புறம் ஒன்று. கழற்றிய பழைய எஞ்சின் உங்கள் பட்டறையின் பின்பக்கம், டயர் அடுக்குக்குப் பக்கத்தில், மூடாமல் கிடக்கிறது. அதன் ஏர் ஃபில்டர் மூடியில் ஆயில் மாற்றிய தேதிகளை அப்பா வெள்ளை பெயின்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். கடைசித் தேதி 2011, அவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு. எஞ்சினை எடுத்துப்போக வரும் சனிக்கிழமை வண்டியோடு வருகிறேன். அதுவரை மழை படாமல் எதையாவது போட்டு மூடி வையுங்கள்.

இப்படிக்கு,
காரின் உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், ஈப்போ ரசீதுகள் இரண்டு, ஹோஸ் மற்றும் மீட்டர் படங்கள்