இருபது நிமிஷம்

அன்புள்ள மாப்ளே,

நாங்கள் சுகம். கண்மாய் முக்கால்வாசி நிரம்பிவிட்டது, எனக்குச் சுகர் முழுசாகவே நிரம்பிவிட்டது. ஏழெட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. போனிலும் 'சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா' என்பதோடு சரி. திட்டுவதைப் பொங்கலுக்கு வரும்போது மொத்தமாகத் திட்டிக்கொள். இப்போது எழுதக் காரணம் உன் அக்கா.

அக்கா என்னோடு பேசுவதில்லை. இதற்குள் உனக்குப் போன் வந்திருக்கும், ஒரு தரப்பு வாக்குமூலம் பதிவாகியிருக்கும். என் தரப்பையும் கேள். போனில் சொன்னால் பாதியில் 'சரி சரி, அப்புறம்' என்று வைத்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வாங்க, உக்காருங்க" என்றது. ஐம்பது வருஷமாக 'வாடா' தவிர வேறு எதுவும் சொல்லி என்னைக் கூப்பிடாத அக்கா! பிறகு, "காப்பி குடிக்கிறீங்களா?" என்று வேறு கேட்டது. மாப்ளே, அந்த முறத்தாலேயே தலையில் ஒன்று போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

விஷயம் நம்ம டவுன் பஸ். மெட்ராஸ் பஸ் கழகத்தில், பல்லவன் என்ற பெயரில் ஏறி மாநகர் என்ற பெயரில் இறங்கியவன் நீ. முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பர் கூண்டில் உட்கார்ந்து வண்டிகளை விரட்டியவனுக்கு நான் பஸ் பாடம் நடத்துவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். பரவாயில்லை, ரெண்டு ஊசி வாங்கிக்கொள்.

2020 மார்ச் 24-ம் தேதி சாயங்காலம் ஆறு மணியோடு பஸ் எல்லாம் நின்றதே, அதற்கு முன்னால் நம் பக்கம் இரண்டு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் ஒருவழியாக எல்லாம் மறுபடி ஓட ஆரம்பித்தபோது நமக்கு வந்தது ஒன்றுதான். இன்னொன்று எங்கே போனது என்று கேட்டால் 'ஆள் பற்றாக்குறை' என்றார்கள், அப்புறம் 'வண்டி கண்டம்' என்றார்கள், அப்புறம் நாங்களே கேட்பதை விட்டுவிட்டோம். நைட் ஹால்ட் வண்டியும் அதோடு போயிற்று. பிள்ளையார் கோயில் புளியமரத்தடியில் ராத்திரி நிற்குமே, அதே நைட் ஹால்ட்தான். டிரைவர் கடைசி சீட்டில் படுத்துத் தூங்க, நீ உள்ளே ஏறிக் கண்டக்டர் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதி, வாங்கிய அறை ஞாபகம் இருக்கிறதா? அந்த அறைதான் உன்னை டைம் கீப்பர் ஆக்கியது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். காலையில் அந்த எஞ்சின் இருமி இருமிக் கிளம்புகிற சத்தம் கேட்டுத்தான் உங்கள் அம்மா மாட்டை அவிழ்க்க எழுந்திருப்பார்.

(சின்னாத்தா இன்னும் "மருதுபாண்டியர் வந்துட்டாரா?" என்றுதான் பஸ்ஸைக் கேட்கிறது. 1997-ல் பஸ் கழகங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயரை எல்லாம் எடுத்துவிட்டு அத்தனையையும் அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஆக்கினார்களே, அந்தச் சேதி அதன் காதுக்கு வந்து சேரவே இல்லை. நானும் சொல்லவில்லை. மருதுபாண்டியர் வருகிறார், போகிறார், என்ன கெட்டுவிட்டது.)

சரி, கதைக்கு வருகிறேன். மிச்சமிருந்த ஒரே வண்டிக்கு நேரம் போட்டவர்கள் மாலையில் டவுனிலிருந்து 4.05-க்கு எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பெரிய பள்ளிக்கூட ஸ்டாப்பில் 4.10. பள்ளிக்கூடம் விடுகிற மணி 4.20. அதை விட்டால் அடுத்த வண்டி 6.45, அதுதான் கடைசி. என் பேத்தி எட்டாவது படிக்கிறாள் அல்லவா, அவள் ஒருநாள் சொன்னாள்: "தாத்தா, கணக்கு டீச்சர் போர்டுல எழுதிக்கிட்டு இருக்கறப்பவே ஜன்னல் வழியா நம்ம பஸ் போகும். நாங்க அதுக்கு டாட்டா காட்டுவோம்." அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம்ம ஊர், மேலத்தெருக்காரர்கள், இரண்டு குடியிருப்பு எல்லாம் சேர்த்து பதினேழு பெண்பிள்ளைகள். 4.20-க்கு விட்டால் 6.45 வரைக்கும் பஸ் ஸ்டாண்டில். நான் ஒருநாள் போய் அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். சிமென்ட் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். தண்ணீர் பாட்டில் காலையில் கொண்டுபோனது அப்படியே இருக்கிறது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். ஒருத்தியும் பதில் சொல்லவில்லை. அப்புறம்தான் அந்தக் கட்டணக் கழிப்பறைப் பக்கம் போய்ப் பார்த்தேன், புரிந்தது. கீழத்தெருவில் ஒருத்தர் ஒன்பதாவதோடு மகளை நிறுத்திவிட்டார். "வயசுக்கு வந்த புள்ள, ராத்திரி ஏழரைக்கு வீடு வந்து சேந்தா நான் எப்படிண்ணே தூங்குறது?" என்றார். என்ன பதில் சொல்வாய்?

சைக்கிள் இல்லையா என்று கேட்பாய். எழுத்தறிவு சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கக் காலத்தில், 1991, 92-ல் புதுக்கோட்டை மாவட்டமே சைக்கிளில் ஏறியதே, உன் தங்கச்சியும் என் வீட்டுக்காரியும் கண்மாய்க் கரையில் விழுந்து விழுந்து பழகினார்களே! அந்த முழங்கால் தழும்பை அவள் இன்னும் மெடல் மாதிரி காட்டுவாள். ஆனால் அன்றைக்கு அந்த ரோட்டில் எருமையும் மாட்டுவண்டியும்தான் எதிரே வரும். இன்றைக்கு ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி. சர்க்கார் சைக்கிளும் பதினொன்றாவதில்தான் தருகிறார்கள். அதுவரை ஒன்பது கிலோமீட்டரை எதை வைத்துக் கடப்பது?

2021 மே 8-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்ல காரியம், நான் குறையே சொல்ல மாட்டேன். அதில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு கணக்குச் சொல்லியிருக்கிறது. நம்ம தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அந்தக் கணக்கை விரலை மடக்கிச் சொல்வாள். ஆனால் வராத பஸ்ஸில் இலவசமாகப் போக முடியாதே! ஷேர் ஆட்டோவில் ஒரு தடவைக்கு முப்பது ரூபாய், பதினோரு பேரை ஏற்றி.

ஆக, மனு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போனேன். பதினேழு பிள்ளைகளின் கையெழுத்து, ஜன்னல் டாட்டா சமாச்சாரத்தையும் ஒரு வரி சேர்த்தேன். ரசீது கொடுத்தார்கள். நான் நம்பவில்லை. நீயும் நம்பியிருக்க மாட்டாய். ஐந்தாவது வாரம் ஒரு புதன்கிழமை, வண்டி 4.30-க்குப் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிறது! 4.05 வண்டி 4.25 ஆகிவிட்டது. இருபது நிமிஷம், மாப்ளே, வெறும் இருபது நிமிஷம்.

ஊரே கூடிவிட்டது. வண்டிக்கு மாலை, டயருக்கு எலுமிச்சம்பழம், டிரைவருக்குச் சந்தனம். எனக்குச் சால்வை. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கழுத்தை நீட்டினேன், அதை மறைக்க மாட்டேன். அந்தப் போட்டோ வாட்ஸப்பில் சுற்றி அக்கா பேரன் போனுக்கும் போய்விட்டது.

அங்கேதான் வினை. 4.05-க்கு டவுனில் எடுத்து நம்ம ஊருக்கு வந்து திரும்புகிற அதே வண்டி, டவுன் போய் 5.20-க்கு அக்கா ஊருக்குப் போகும். 6 மணிக்கு அந்த ஊருக்குள் திரும்பி, 6.40-க்கு மறுபடி டவுன், 6.45-க்குக் கடைசியாக நம்ம ஊர். நமக்கு இருபது நிமிஷம் தள்ளினால் அக்கா ஊர் நடை 5.40 ஆகிறது. அப்படியானால் கடைசி வண்டி 7.05 ஆக வேண்டும் அல்லவா? ஆகவில்லை. இருபது நிமிஷத்தை எங்கே பிடித்தார்கள் தெரியுமா? அக்கா ஊருக்குள் போகிற அந்த ரெண்டு கிலோமீட்டர் குண்டும் குழியுமான ரோட்டில். போகப் பத்து, வரப் பத்து. கூட்ரோட்டிலேயே வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். எழுத்தில் இல்லாத ஏற்பாடு. போர்டில் இன்னும் அக்கா ஊர் பெயர்தான் எழுதியிருக்கிறது.

"எங்க ஊரு பஸ்ஸப் புடுங்கிக் குடுத்ததுக்கா சால்வை?" என்று அக்கா கேட்டது. கடலை உடைப்பதை நிறுத்தவே இல்லை. காப்பி வந்தது, குடித்தேன், எழுந்து வந்தேன்.

மறுநாள் நானே அந்த 5.40 வண்டியில் ஏறினேன். கார்த்திகை மாதம், கூட்ரோடு போகும்போது 6.10, இருட்டிவிட்டது. "அவ்ளோதான், எல்லாரும் எறங்குங்க" என்றார் கண்டக்டர். சின்னப் பையன், முகத்தைப் பார்க்காமல் வாட்சையே பார்க்கிறான். பதினான்கு பேர் இறங்கினார்கள், பன்னிரண்டு பேர் பெண்கள். ஒருத்தி ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டாள். ஒருத்தி கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள், கையில் இருமல் மருந்து பாட்டில். செல்போன் லைட்டை அடித்துக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். பாம்பு கிடக்கும் என்று முன்னால் போகிறவள் காலைத் தட்டித் தட்டி வைக்கிறாள். நானும் கூடவே நடந்தேன். யாரும் என்னைக் கோபிக்கவில்லை, யார் என்று தெரிந்தால்தானே கோபிப்பதற்கு? அக்காவுக்கு முழங்கால் அப்படி இருக்கையில், சந்தை நாளில் இதே இருட்டில்தான் நடந்திருக்கிறது.

அந்தப் பையனை மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். டீ வாங்கிக் கொடுத்ததும் மனசு விட்டுப் பேசினான். "ஆறே முக்காலுக்கு நான் இங்க நிக்கலைன்னா கடைகள்ல வேலை பாக்குற பொண்ணுங்க தனியா நிக்கும் சார். அதுங்க உங்க ஊருதான்" என்றான். என் வாயில் டீ நின்றுவிட்டது. 6.45-ஐத் தள்ளக் கூடாது என்று நாமே முன்னொரு காலத்தில் மனுக் கொடுத்திருக்கிறோமாம்.

மினி பஸ் கேட்கலாம் என்று ஒரு யோசனை. 1997-ல் வந்த மினி பஸ் திட்டத்தை இப்போது புதுப்பித்து, 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கி வைத்தார்களே. இருபத்தைந்து கிலோமீட்டர் வரை போகலாம், அதில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு பஸ்ஸே போகாத பாதையாக இருக்க வேண்டும் என்கிறது விதி. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா ஊர் காகிதத்தில் பஸ் போகிற ஊர் ஆயிற்றே! போகவில்லை என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் கண்டக்டர் பையனுக்கு மெமோ வரும். எழுதாவிட்டால் மினி பஸ் வராது. ரெண்டு நாளாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறேன்.

பழையபடி 4.05-க்கே மாற்றச் சொல்லி நானே மனுக் கொடுக்கவா? ஒரு ராத்திரி அதையும் நினைத்தேன். விடிந்ததும் பேத்தி, "தாத்தா, நேத்து அஞ்சு மணிக்கே வீட்டுக்கு வந்து ஊஞ்சல் ஆடினேன்" என்றாள். மனுவை மடித்து வைத்துவிட்டேன்.

அதனால் வேலை உனக்கு. இந்தத் தாளின் பின்பக்கத்தில் அந்த வண்டியின் ஒரு நாள் நடை அத்தனையும் எழுதியிருக்கிறேன், காலை 5.50-லிருந்து ராத்திரி ஷெட்டுக்குப் போகும் வரை. ஒவ்வொரு சிங்கிளும், அதாவது ஒருவழி நடையும், எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிஷம் என்று நானே வாட்சும் கையுமாக மூன்று நாள் சுற்றிக் குறித்தது. பெட்டிக்கடைக்காரன் என்னை செக்கிங் இன்ஸ்பெக்டர் என்றே நினைத்துவிட்டான். இதில் இருபது நிமிஷம் எங்கேயாவது ஒளிந்திருக்கும். மத்தியானம் 1.10-லிருந்து 1.40 வரை வண்டி சும்மா நிற்கிறது, அதில் மட்டும் கை வைக்காதே. டிரைவர் சாப்பிடுகிற நேரம். ஐந்து மணி நேர வேலைக்கு அரை மணி ஓய்வு என்று 1961-ம் வருஷச் சட்டத்திலேயே இருந்தது, நீதான் எனக்கு ஒருதரம் சொன்னாய். எனக்கு 2.15 நடை மேல்தான் சந்தேகம், ஆளில்லாமல் போய் ஆளில்லாமல் வருகிறது. ஆனால் அது யாருக்காக ஓடுகிறது என்று தெரியாமல் இனி நான் வாய் திறக்க மாட்டேன். அந்த வண்டியில் நாளைக்கும் ஏறிப் பார்க்கப் போகிறேன்.

தம்பிக்குப் பொண்ணு பார்த்த சங்கதி என்ன ஆயிற்று? தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். பேரனிடம் தாத்தா எழுதிய கடிதம் என்று காட்டு, தமிழ் வாசிக்கிறானா பார்ப்போம்.

அக்காவுக்குப் போன் பண்ணும்போது நான் எழுதியதாகச் சொல்லாதே. முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டு எழுது. என்னிடம் கேட்டால் 'நல்லா இருக்குங்க' என்றுதான் சொல்லும்.

உன்,
சால்வை