வாசலை ஒன்றாக வைத்தது நீங்கள்தான்: ஆப்பிள் இயக்குநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆப்பிள் நிறுவன இயக்குநர் குழுவினருக்கு,

வணக்கம்.

2016 பிப்ரவரியில் உங்கள் நிறுவனமும் ஒரு திறந்த மடல் எழுதியது. சான் பெர்னார்டினோ துப்பாக்கிச் சூட்டில் ஈடுபட்டவரின் ஐபோனைத் திறக்க உதவும் மென்பொருளைச் செய்து தருமாறு அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. நீதிமன்ற உத்தரவோடு வந்து நின்றது. உங்கள் தலைமை நிர்வாகி டிம் குக் மறுத்தார். மறுப்பதற்கான காரணத்தை வாடிக்கையாளர்கள் அனைவரும் படிக்கும்படி தன் பெயரிட்டு வெளியிட்டார். அரசு கேட்டால் கொடுத்தே தீர வேண்டும் என்று நம்பிப் பழகிய எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய செய்தி. அந்த மதிப்பு இன்னும் மிச்சமிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு அடுத்த ஆண்டு ஜூலையில், சீன ஆப் ஸ்டோரிலிருந்து விபிஎன் செயலிகளை நீக்கினீர்கள். தணிக்கைச் சுவரைத் தாண்டி வெளியுலகச் செய்திகளைப் படிக்கச் சீன மக்களிடம் இருந்த எளிய வழி அது. நீக்காமல் இருக்கவே விரும்புகிறோம், ஆனால் தொழில் செய்யும் நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறோம் என்றார் டிம் குக். அமெரிக்காவில் சட்டம் எங்கள் பக்கம் இருந்தது, சீனாவில் சட்டம் தெளிவாக இருக்கிறது என்றும் சொன்னார். அங்கே சட்டம் அவ்வளவு தெளிவாக இருப்பது ஏன்? சட்டம் இயற்றுகிறவர்களும் தீர்ப்பளிக்கிறவர்களும் ஒரே கட்சியின் பிடியில் இருக்கிறார்கள். எதிர்த்து வழக்காடி வெல்ல இடமில்லாத சட்டம் தெளிவாகத்தான் இருக்கும்.

சட்டத்தை மீறுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2021 செப்டம்பர் 17 அன்று, ரஷ்ய நாடாளுமன்றத் தேர்தலின் மூன்று நாள் வாக்குப்பதிவு தொடங்கிய காலையில், எதிர்க்கட்சித் தலைவர் நவால்னியின் குழுவினர் உருவாக்கிய ‘ஸ்மார்ட் வோட்டிங்’ செயலியை நீங்களும் கூகுளும் நீக்கினீர்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஆளுங்கட்சியைத் தோற்கடிக்கும் வாய்ப்பு அதிகமுள்ள வேட்பாளர் யார் என்று வாக்காளருக்குச் சொன்ன செயலி அது. மறுத்தால் ரஷ்யாவில் உள்ள ஊழியர்கள் மீது வழக்குப் பாயும் என்று அதிகாரிகள் மிரட்டியதாக அப்போது செய்திகள் வந்தன. கலிபோர்னியாவில் எடுக்கும் முடிவுக்காக மாஸ்கோவில் ஒருவர் சிறைக்குப் போக வேண்டும் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அதே நாளில் நடந்த வேறொன்றைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருந்தவருக்கு, கூகுளின் கடையில் செயலி இல்லாவிட்டாலும், அதன் கோப்பை வேறிடத்திலிருந்து இறக்கி நிறுவிக்கொள்ளும் வழி இருந்தது. ஐபோன் வைத்திருந்தவருக்கு அந்த வழி இல்லை. உங்கள் கடையில் இல்லாத செயலி, சாதாரணப் பயனரைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. ஒரே வாசல் வைத்த வீட்டை முடக்க ஒரு காவலாளி போதும். அந்த வாசலை ஒன்றாக வைத்தது விளாதிமிர் புதினும் அல்லர், சீனக் கம்யூனிஸ்ட் கட்சியும் அன்று. உங்கள் வடிவமைப்பாளர்கள்தான். நாட்டின் சட்டத்தைப் பின்பற்றுகிறோம் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம், அந்தச் சட்டம் இவ்வளவு சுலபமாக நிறைவேறுவதற்கான ஏற்பாட்டைச் செய்து வைத்தது யார் என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது.

பாதுகாப்புக்காகத்தான் இந்த ஏற்பாடு என்பீர்கள். நீங்களே விற்கும் மேக் கணினியில் எங்கிருந்து வேண்டுமானாலும் மென்பொருளை இறக்கி நிறுவ முடிகிறது. ஆபத்து இருந்தால் எச்சரிக்கை வருகிறது, முடிவு பயனருடையது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் கட்டாயப்படுத்தியதும் 2024 மார்ச்சில் அங்குள்ள ஐபோன்களில் மாற்றுக் கடைகளை அனுமதித்தீர்கள். ஆகவே முடியாது என்று சொல்ல இனி வழியில்லை. பெர்லினில் இருப்பவருக்குத் திறந்துவிட்ட கதவு, அது உயிருக்கே தேவைப்படும் நாட்டில் இருப்பவருக்கு ஏன் பூட்டிக் கிடக்கிறது?

ரஷ்யாவில் இன்னொரு வேதனை. உக்ரைன் போர் தொடங்கியதும், 2022 மார்ச்சில், அங்கே உங்கள் பொருள்களின் விற்பனையை நிறுத்தினீர்கள். சரியான முடிவு. 2024 ஜூலையிலோ, ரோஸ்கோம்நாட்சோர் என்ற தணிக்கை அமைப்பு கேட்டதும், 25 விபிஎன் செயலிகளை ரஷ்யக் கடையிலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்று செய்திகள் வந்தன. விற்பனையே நடக்காத ஒரு சந்தையில் எதைக் காப்பாற்ற இந்தக் கீழ்ப்படிதல்?

இன்னொன்று 2022 இறுதியில் சீனாவில் நடந்தது. அக்டோபர் 13 அன்று பெய்ஜிங்கின் சீதோங் மேம்பாலத்தில் ஒருவர் ஷி ஜின்பிங்குக்கு எதிராகப் பதாகை கட்டினார். அதிலிருந்த வாசகங்கள் ஏர்டிராப் வழியாகவும் கைமாறின. அதற்கு இணையம் வேண்டாம், தணிக்கை அதிகாரியின் கண்ணிலும் படாது. பக்கத்தில் இருப்பவரின் ஐபோனுக்கு ஒரு படம் போய்ச் சேரும், அவ்வளவுதான். நவம்பரில் ஒரு மென்பொருள் புதுப்பிப்பு வந்தது. பிழைத் திருத்தங்களும் பாதுகாப்பு மேம்பாடுகளும் என்று மட்டும் குறிப்பு. நிறுவிப் பார்த்தவர்கள், சீனாவில் விற்ற ஐபோன்களில் மட்டும், அறிமுகமில்லாதவரிடமிருந்து பெறும் வசதி பத்து நிமிடத்தில் தானாக அணைந்துபோவதைக் கண்டார்கள். அந்த மாத இறுதியில்தான் கோவிட் கட்டுப்பாடுகளை எதிர்த்து, எதுவும் எழுதாத வெள்ளைத்தாள் ஏந்தி மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வேண்டாத கோப்புகள் வருவதைத் தடுக்கவே இந்த மாற்றம் என்று பிறகு சொன்னீர்கள், அடுத்த மாதம் எல்லா நாடுகளுக்கும் கொண்டுவந்தீர்கள். முதலில் சீனாவுக்கு மட்டும் ஏன்? சட்டம் கேட்டதா, அதிகாரி கேட்டாரா, யாரும் கேட்காமலே செய்தீர்களா? இன்றுவரை பதில் இல்லை. உத்தரவுக்குப் பணிவதைக்கூட ஒரு கட்டாயம் என்று ஏற்கலாம். குறிப்பில் ஒரு வரிகூட எழுதாமல் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

சீனப் பயனர்களின் ஐகிளவுட் தரவுகள் 2018 முதல் குய்சோவ் மாகாண அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கின்றன. 2024 ஏப்ரலில் வாட்ஸ்அப்பும் த்ரெட்ஸும் சீனக் கடையிலிருந்து போயின. உடன்பாடில்லை என்றாலும் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது என்று அப்போதும் அதே வாசகம்.

இதைத் தமிழில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உங்கள் கைப்பேசியைப் பூட்டிச் சேர்க்கும் பெண்களின் மொழி இது. அவர்கள் கைபட்ட ஒரு கருவியில் ஓர் அரசு தன் மக்களின் வாயைக் கட்டுவது எங்களுக்குத் தொலைதூரச் செய்தி இல்லை.

2020 பிப்ரவரிப் பங்குதாரர் கூட்டத்தில், கருத்துரிமை குறித்து நிறுவனம் விளக்க வேண்டும் என்ற தீர்மானத்துக்குச் சுமார் 40 சதவீத வாக்குகள் விழுந்தன. அதே ஆண்டில் மனித உரிமைக் கொள்கை ஒன்றை வெளியிட்டீர்கள். அதில் கருத்துச் சுதந்திரம் இருக்கிறது, உள்ளூர்ச் சட்டமும் இருக்கிறது. இரண்டும் மோதினால் என்ன செய்வீர்கள் என்பதைச் செயலில் காட்டிவிட்டீர்கள்.

ஐரோப்பாவுக்குக் கொடுத்ததை எல்லா நாடுகளுக்கும் கொடுங்கள். பெய்ஜிங் அதையும் தடுக்கலாம். தடுக்கட்டும், தன் பெயரில், தன் கையால். அதுவரை, ஒரு செயலியைத் தேடி வருபவருக்கு உங்கள் நாட்டில் இது கிடைப்பதில்லை என்று மழுப்பாதீர்கள். எந்த அமைப்பு, எந்தத் தேதியில், எந்தச் சட்டப்பிரிவின் கீழ் நீக்கச் சொன்னது என்பதை அதே இடத்தில் எழுதுங்கள். ரோஸ்கோம்நாட்சோரின் அந்தக் கோரிக்கையிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்